குழந்தையின் கண்குழிக் கட்டிக்குப் பெயர் தெரியும் முன் ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். தங்கை மகனுக்கு ஆறு வயது. வலது மேல் இமை இரண்டு மாதமாக வீங்கியிருக்கிறது, கண் லேசாக முன்னால் தள்ளிக் கீழே இறங்கியிருக்கிறது. சொட்டு மருந்துக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் வீக்கம் கேட்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில், கண்ணீர்ச் சுரப்பி இருக்கும் இடத்தில் கட்டி என்றார்கள். சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியதில், "லிம்பாய்டு செல்கள் இயல்பை மீறிப் பெருகியுள்ளன, இம்யூனோ பரிசோதனை தேவை" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர், அந்த முடிவு வரும் வரை ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம், வீக்கம் வற்றிவிடும் என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ கண்ணையே எடுத்துவிடுவார்கள் என்று பயந்துபோயிருக்கிறார்கள். "இது கேன்சரா, இல்லையா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

அந்த ஒற்றைக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கண் போய்விடுமா? ரிப்போர்ட் ஏன் பட்டும் படாமலும் பேசுகிறது? ஸ்டீராய்டை இப்போதே ஆரம்பிக்கலாமா? நான் பேத்தாலஜிஸ்ட். குழந்தைகளின் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் பிள்ளையின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, அதனால் அவனுக்கு வந்திருப்பது கேன்சரா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் கண்ணைப் பற்றி. லிம்பாய்டு செல்கள் என்பவை நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளணுக்கள். அவை பெருகி உண்டாகும் லிம்பாய்டு கட்டி என்பதற்காகக் கண்ணை எடுப்பதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கண்ணை எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு ரெட்டினோபிளாஸ்டோமா என்ற வேறொரு நோயிலிருந்து வருகிறது. அது கண் உருண்டைக்கு உள்ளே, விழித்திரையில் தோன்றுவது. அதிலும்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் கண்ணை எடுப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு இருப்பது உருண்டைக்கு வெளியே, எலும்பாலான கண்குழிக்குள். லிம்பாய்டு கட்டிகள் மருந்துக்கு நன்றாகக் கரையக்கூடியவை. அதனால் அறுவை மருத்துவரின் பெரிய வேலை, பரிசோதனைக்குப் போதுமான அளவு திசுவைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பதுதான். மொத்தக் கட்டியையும் வெட்டி எடுக்கவில்லையே என்று அவர்மேல் வருத்தப்படாதீர்கள். வேகமாக வளரும் வகைகளில் அப்படி வெட்டுவதால் லாபம் இல்லை, கண் தசைகளுக்கும் நரம்புகளுக்கும் சேதம்தான் மிஞ்சும்.

அடுத்து, இணையத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய விஷயங்கள். கண்குழி லிம்போமா, அதாவது லிம்பாய்டு செல்களின் புற்றுநோய், பற்றி எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. அந்த வயதில் கண்குழியில் வரும் புற்றுநோய்களில் லிம்போமாதான் முன்னால் நிற்கிறது. அதிலும் பெரும்பாலானவை மார்ஜினல் ஸோன் என்ற வகை. வலிக்காமல், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வளரும். எலும்பை அரிக்காமல் கண்ணைச் சுற்றி அதன் வடிவத்துக்கேற்பப் படியும். சிலருக்கு இமையை விலக்கினால் வெள்ளை விழியின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு தெரியும். குழந்தைகளின் கதை வேறு. குழந்தையின் கண்குழி வீங்கினால் பெரும்பாலும் அது சைனஸிலிருந்து பரவிய கிருமித் தொற்று, பிறவியிலேயே இருக்கும் டெர்மாய்டு கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி, நிணநீர்க் குழாய்களின் பிறவிக் கோளாறு போன்றவை. புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டால், கண்குழியிலேயே தோன்றுவதில் முதலில் வருவது ராப்டோமயோசர்கோமா என்ற தசைவகைக் கட்டி. லிம்பாய்டு கட்டிகள் அதற்கெல்லாம் பிறகு, அரிதாக வருபவை. அப்படி வரும்போதும் பெரியவர்களுக்கு வருகிற மெதுவான வகை குழந்தைகளில் மிகவும் குறைவு. வேகமாக வளரும் பர்க்கிட் லிம்போமாவாகவோ லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவாகவோ இருக்கலாம். ரத்தப் புற்றுநோய் கண்குழியில் முதலில் தலைகாட்டியதாகவும் இருக்கலாம். அல்லது லிம்போமாவே இல்லாத, அதைப் போலத் தோற்றம் காட்டும் ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம்.

இந்தக் கடைசி வகைதான் எங்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்று ஒன்று உண்டு. கண்குழியின் மேல் வெளிப்புற எலும்பை, அதாவது உங்கள் பிள்ளைக்கு வீக்கம் இருக்கும் அதே மூலையை, அரித்துக்கொண்டு வரும். அந்த ஓரிடத்தோடு நின்றுவிட்டால் அது நன்றாகவே குணமாகும். ஹிஸ்டியோசைட் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அளவுக்கு மீறிச் சேரும் ரோசாய்-டார்ஃப்மன் நோய் இருக்கிறது. கிருமியே இல்லாமல் கண்குழித் திசு தானாக அழற்சியடைவதும் குழந்தைகளுக்கு வரும். நியூரோபிளாஸ்டோமா என்ற வயிற்றுக் கட்டி கண்குழி எலும்புக்குப் பரவினால், அடிபட்டது போலக் கண்ணைச் சுற்றி நீலம் பாயும். இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது மைலாய்டு சர்கோமாவை. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் தெரிவதற்குச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே கண்குழியில் கட்டியாக வந்துவிடும். 1811-லேயே ஆலன் பர்ன்ஸ் இத்தகைய கட்டியைப் பதிவு செய்திருக்கிறார். அந்தச் செல்களில் உள்ள ஒரு நொதியால் வெட்டிய திசு பச்சையாகத் தெரிவது உண்டு. ஆனால் மைக்ராஸ்கோப்பில் வழக்கமான சாயத்தில் பார்த்தால் லிம்போமா செல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். கண்குழியிலிருந்து கிடைக்கும் துண்டு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. லிம்பாய்டு செல்கள் மிக மென்மையானவை. ஃபோர்செப்ஸ் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் நசுங்கி, ஸ்லைடில் நீல நூல் இழுத்ததுபோல நீண்டுவிடும். அந்தப் பகுதியை வைத்து எதையும் சொல்ல முடியாது. நசுங்காத பகுதியில் சிறிய, உருண்டையான, நீல நிறச் செல்கள் நெருக்கமாக நிற்கும். லிம்போமா, ரத்தப் புற்றுநோய், ராப்டோமயோசர்கோமா, நியூரோபிளாஸ்டோமா எல்லாமே முதல் பார்வையில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால்தான் இம்யூனோ பரிசோதனை. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி நிறமேற்றுகிறோம். சிடி20 ஏறினால் பி செல், சிடி3 ஏறினால் டி செல் (இரண்டும் லிம்பாய்டு செல் வகைகள்), டிடிடி ஏறினால் முதிராத செல், மைலோபெராக்ஸிடேஸ் ஏறினால் மைலாய்டு, டெஸ்மினும் மயோஜெனினும் ஏறினால் தசை, சிடி1ஏ ஏறினால் லாங்கர்ஹான்ஸ். கி-67 என்ற குறி, எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். பர்க்கிட்டில் அது ஏறக்குறைய நூறு சதவீதம். ஒரே குறியை மட்டும் நம்பி நாங்கள் பெயர் சொல்வதில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்ட வேண்டும். அதற்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம்.

குழந்தைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களுடைய நோய் எதிர்ப்புத் திசு இயல்பாகவே துள்ளிக்கொண்டு இருக்கும். சாதாரணத் தொற்றுக்குக்கூட லிம்போமா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பெருகும். பி செல்கள் உருவாக்கும் ஆன்டிபாடியில் கப்பா, லாம்ப்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. இயல்பான கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும், ஒரே செல்லிலிருந்து பெருகிய புற்றுநோயில் ஒன்று மட்டும்தான் இருக்கும். இதுதான் எங்கள் பாடம். ஆனால் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளின் டான்சிலிலும் குடல்வாலிலும் லாம்ப்டா மட்டுமே இருந்தும், மரபணுப் பரிசோதனையில் அது ஒற்றைச் செல் கூட்டம் இல்லை என்று காட்டியது. அது லிம்போமா இல்லை, லிம்போமா போலத் தோன்றிய பெருக்கம். பெரியவர்களுக்கான அளவுகோலைக் குழந்தையின் ஸ்லைடின் மேல் அப்படியே வைத்தால் தேவையில்லாமல் கீமோ கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஆகவே, "இயல்பை மீறிய பெருக்கம்" என்று எழுதி நிறுத்திய அந்த பேத்தாலஜிஸ்ட் நழுவவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது.

சரி, ஸ்டீராய்டு. பெயர் தெரியாமல் இப்போது கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஸ்டீராய்டு லிம்பாய்டு செல்களைக் கொல்லும். வீக்கம் வற்றும், இமை திறக்கும், பிள்ளை சிரிப்பான், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆனால் லிம்போமாவும் வற்றும், சாதாரண அழற்சியும் வற்றும். வற்றியதை வைத்து எது என்று சொல்ல முடியாது. சில வாரங்களில் லிம்போமா திரும்பி வரும்போது, எடுக்கும் துண்டில் செத்த செல்களும் தழும்பும்தான் மிச்சமிருக்கும். அப்படிப்பட்ட திசுவை வைத்துக்கொண்டு விழிப்பது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வேதனை.

"பயாப்ஸிதான் எடுத்தாகிவிட்டதே, இனி கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எடுத்த துண்டு போதாமல் போனால் மறுபடி எடுக்க வேண்டிவரும், அது முதல் காரணம். எலும்பு மஜ்ஜையும் தண்டுவட நீரும் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று நீங்கள் சொன்னதிலிருந்து தெரிகிறது. ஸ்டீராய்டு போன பிறகு அங்கே நோய் இருந்ததா என்பது மங்கிவிடும். நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையின் அளவு. லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயாக இருந்தால், சில சிகிச்சை முறைகளில் முதல் வாரம் ஸ்டீராய்டு கொடுத்து 8-ஆம் நாள் ரத்தத்தில் எத்தனை நோய்ச் செல்கள் மீந்திருக்கின்றன என்று எண்ணி அபாயப் பிரிவை முடிவு செய்வார்கள். கணக்கில்லாமல் முன்பே கொடுத்தால் அந்த அளவீடே குழம்பிப்போகும். அப்புறம், உயிருக்கே ஆபத்தான ஒன்று. வேகமான லிம்போமாவில் ஒரே மூச்சில் ஏராளமான செல்கள் செத்தால் அவற்றின் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் ஆசிட் எல்லாம் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தை முடக்கும். மருத்துவமனையில் சலைன் ஏற்றி, யூரிக் ஆசிடைக் குறைக்கும் மருந்து கொடுத்து, ரத்தத்தை அடிக்கடி சோதித்துக்கொண்டுதான் சிகிச்சையைத் தொடங்குவார்கள். வீட்டில் மாத்திரை கொடுக்கும்போது இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஒரு விதிவிலக்கு. கட்டி பார்வை நரம்பை அழுத்திப் பார்வை நாளுக்கு நாள் குறைகிறது என்றால், காத்திருக்க நேரமில்லை. அப்போது குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து, ரத்த மாதிரிகளை எடுத்துவிட்டு, முடிந்தால் அதே நாளில் மஜ்ஜையையும் எடுத்துவிட்டு ஸ்டீராய்டு தொடங்கலாம். அது வேறு, பார்க்கலாமே என்று கொடுப்பது வேறு. இமை வீக்கத்துக்காகவோ, மூச்சிரைப்புக்காகவோ இந்த இரண்டு மாதத்தில் ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்திருந்தால், எந்தத் தேதியில், எத்தனை நாள் என்று எழுதி மருத்துவரிடமும் பேத்தாலஜி ஆய்வகத்திலும் கொடுங்கள். ஸ்லைடைப் படிப்பவருக்கு அது மிகவும் தேவையான தகவல்.

மருந்துக்குத்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன், பரிசோதனைக்கு அவசரப்பட்டே ஆகவேண்டும். பர்க்கிட் லிம்போமாவின் செல்கள் ஒன்றிரண்டு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியவை. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வரும் இந்தக் கட்டியை 1958-இல் விவரித்தார். மேல்தாடையிலிருந்து அது கண்குழிக்குள் ஏறிக் கண்ணைத் தள்ளும். 1964-இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் ஆகிய மூவர் இந்தக் கட்டியின் செல்களில் ஒரு வைரஸைக் கண்டார்கள், மனிதப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அதுதான். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் தாடையிலும் கண்குழியிலும் வரும் இந்நோய், மற்ற இடங்களில் வயிற்றில்தான் அதிகம் வருகிறது. எனவே கண்ணில் வந்தாலும் வயிற்றை ஸ்கேன் செய்யாமல் விடக்கூடாது. இவ்வளவு வேகமாக வளரும் நோய் என்பதாலேயே கீமோவுக்கு நன்றாகப் பணிகிறது. சில மாதங்களில் முடிகிற தீவிர சிகிச்சை. உயர் அபாயப் பிரிவில் இருந்த பி செல் லிம்போமாக் குழந்தைகளுக்குக் கீமோவோடு, பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. மூன்றாண்டுகளில் நோய் திரும்புவது போன்ற பாதகம் எதுவும் இல்லாமல் இருந்தவர்கள், மருந்து சேர்த்தவர்களில் 93.9 சதவீதம், சேர்க்காதவர்களில் 82.3 சதவீதம். லிம்போபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை சுமார் இரண்டு வருடம் நீளும், அதிலும் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். ஆக, கேன்சர் என்றே முடிவு வந்தாலும் வீட்டில் யாரும் கையை விரித்துவிட வேண்டியதில்லை.

மெதுவான மார்ஜினல் ஸோன் வகை என்றோ, வெறும் பெருக்கம் என்றோ வந்தால் உறுதி குறையத் தொடங்குகிறது. குழந்தைகளில் இது அத்தனை அரிது என்பதால் நம் கையில் இருப்பது தனித்தனி நோயாளிகளின் விவரங்களும் சிறு தொகுப்புகளும்தான். ஓரிடத்தில் மட்டும் இருந்தால் எடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருப்பது, அல்லது ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து கொடுப்பது என்று மையத்துக்கு மையம் வேறுபடும். பெரியவர்களுக்கு 24 முதல் 30 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சோ, வெறும் 4 கிரேயோ கொடுத்து நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் வளரும் குழந்தைக்குக் கதிர்வீச்சு என்றால் கண்குழி எலும்பின் வளர்ச்சி, கண்புரை, பிற்காலத்தில் இன்னொரு கட்டி என்ற கவலைகள் எழுகின்றன. அதைத் தள்ளிவைக்கவே நானும் விரும்புவேன். கிளமைடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவால் கண் லிம்போமா வருகிறது, ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகும் என்று நீங்கள் படித்திருக்கலாம். இத்தாலியில் கிடைத்த முடிவு அது. மற்ற பல நாடுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படவில்லை. இந்தப் பிள்ளையின் விஷயத்தில் அதை நம்பி நாள் கடத்துவது சரியல்ல. பெருக்கம் மட்டும்தான் என்று வந்தாலும் சிலருக்குப் பிற்காலத்தில் லிம்போமா வந்திருப்பதால் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். எச்ஐவி, பிறவியிலேயே எதிர்ப்பு சக்திக் குறைபாடு போன்றவை இருக்கின்றனவா என்றும் சோதிப்பார்கள். அதைக் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம், வழக்கமாகச் செய்வதுதான்.

தாய்மாமனாக நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் இப்போதே இதில் சேர வேண்டும், ரிப்போர்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். முழு ரத்த எண்ணிக்கை, ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, எல்டிஹெச் (செல்கள் சிதையும்போது ரத்தத்தில் உயரும் ஒரு நொதி), யூரிக் ஆசிட், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். மார்பு எக்ஸ்ரே முக்கியம். லிம்போபிளாஸ்டிக் வகையில் நெஞ்சுக்குள் கட்டி இருந்தால் மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்தாகலாம், மறு பயாப்ஸியோ மஜ்ஜைப் பரிசோதனையோ செய்வதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாத திசு கொஞ்சமாவது, செல்களை ஒவ்வொன்றாகக் கருவியில் ஓட்டி அவற்றின் புரதங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் குழந்தைகளின் லிம்போமாவைப் படித்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட் ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த பேத்தாலஜிஸ்டும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், இப்படி அரிதான கட்டியென்றால் நானே இன்னொருவருக்கு அனுப்புவேன்.

கட்டியைப் பற்றிய கவலையில் பார்வையை மறந்துவிடுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் பார்வை இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இமை மறைத்தாலோ, கட்டி அழுத்திக் கண்ணின் வளைவு மாறினாலோ, மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். கட்டி முழுக்கக் கரைந்த பிறகும் பார்வை மங்கலாகவே நிற்கும். கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே கண் மருத்துவர் பார்வையை அளந்து, தேவைப்பட்டால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைக்கச் சொல்வார். இமை முழுதாக மூடாவிட்டால் தூங்கும்போது கருவிழி காயாமல் இருக்கக் களிம்பு தேவைப்படும்.

முடிவுக்காகக் காத்திருக்கும் இந்த நாட்களில் பிள்ளை அந்தக் கண்ணால் பார்க்கும்போது சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ, அந்தக் கண்ணில் பார்வை குறைந்தாலோ, கட்டி நாளுக்கு நாள் பெருத்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள், ரத்தக்கட்டு, எலும்பு வலி, வயிறு உப்பல், படுத்தால் மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடுராத்திரியில் அங்கே புது மருத்துவர் யாராவது இருந்தால், "கண்குழிக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்திருக்கிறது, லிம்போமாவோ ரத்தப் புற்றுநோயோ என்று சந்தேகம், புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் ஸ்டீராய்டு போட வேண்டாம்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தங்கையின் போனிலும் இதை எழுதிவைத்துவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர் காட்டுவதற்கு உதவும்.